சேர்க்கை கொடுத்தாச்சு, ஆனால் அம்மாவும் கூடவே உட்காரணுமாம்

என் தங்கை இருப்பது மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில். இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு ஆட்டிசம். இளையவளுக்குக் காது சரியாகக் கேட்காது, கருவி போட்டிருக்கிறாள். மாப்பிள்ளை திருப்பூரில் வேலை. தங்கை நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போகிறவள்.

மூத்தவனை ஒரு தனியார் பள்ளியில் கேட்டோம். "எங்ககிட்ட அதுக்கு வசதி இல்லம்மா, இவனுக்குன்னு இருக்கிற பள்ளிக்கூடத்துல போடுங்க" என்று மரியாதையாகவே அனுப்பிவிட்டார்கள். ஊர் அரசுப் பள்ளியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை: தாயும் கூட வந்து உட்கார வேண்டும்.

அங்கிருக்கும் ஆசிரியர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஐந்து வகுப்புக்கு இரண்டே பேர். அவன் எழுந்து ஓடினால் பின்னால் ஓட ஆள் இல்லை. வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் ஒருவர் வருகிறார். படம் போட்ட அட்டையைக் காட்டித் தண்ணீர் கேட்க அவர்தான் பழக்கினார். அதுவரை தாகமென்றால் அழ மட்டும்தான் தெரியும் அவனுக்கு. ஆனால் அவர் பார்க்க வேண்டிய பள்ளிகள் நிறைய. அவர் வராத நாட்களில் அந்த அட்டையை எடுத்து வைத்து உட்கார யாரும் இல்லை, தங்கையைத் தவிர.

பள்ளி திறப்பதும் ஜூன். மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்குவதும் ஜூன். ஊரே வயலில் நிற்கும்போது இவள் பள்ளித் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை என்கிறோம். என் தங்கை கட்டுகிறாள், தன் நாள்கூலியை.

சிறப்புப் பள்ளிக்கு அனுப்பலாமே என்பார்கள். நல்ல சிறப்புப் பள்ளிகள் இருக்கின்றன, சில பிள்ளைகளுக்கு அதுதான் சரி. ஆனால் அது டவுனில். நகரப் பேருந்தில் அவனுக்கும் துணைக்குப் போகிறவருக்கும் இலவசம்தான், ஊருக்குள் வருவதோ மினி பஸ். சரி, காசு கொடுத்தே போகட்டும். சின்னவளை யார் பார்ப்பது? அவளுக்குத் தேவை பெரிதாக ஒன்றுமில்லை. முன் வரிசையில் இடம், முகத்தைப் பார்த்துப் பேசும் ஆசிரியர். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினால் அன்றைய பாடம் அவளுக்குப் போச்சு. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கருவியில் ஈரம் இறங்கிவிடும், அதைத் துடைத்துப் போட்டுவிடவும் ஒருவர் வேண்டும். ஒரு தாய் எத்தனை பள்ளியில்தான் உட்காருவாள்?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 31ஆவது பிரிவு. 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது பிள்ளையின் விருப்பம். அந்தத் தனியார் பள்ளி அதை எங்களுக்காக முடிவுசெய்ய முடியாது. தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று, உச்ச நீதிமன்றம் 2021இல் உத்தரவிட்டதைத் தொடர்ந்து, மத்திய அரசு 2022இலேயே அறிவித்தாயிற்று. ஒரே பள்ளியில் பத்துப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். அக்கம்பக்கத்து இரண்டு மூன்று ஊர்ப் பள்ளிகளைச் சேர்த்து ஒருவரைப் போடுங்கள், தொகுப்பூதியத்தில் அல்ல, நிரந்தரமாக. அவர் இல்லாத நேரத்துக்கு உதவியாளர் ஒருவர், உள்ளூர்ப் பெண்ணாகவே இருக்கட்டும், சம்பளத்தோடு. பெற்ற தாயைச் சம்பளமில்லாத ஊழியராகக் கணக்கில் வைப்பதை நிறுத்துங்கள்.

இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்கு: எந்தப் பள்ளியாவது முடியாது என்றால் காரணத்தை எழுதிக் கேளுங்கள். தர மறுத்தால் தேதியோடு நீங்களே எழுதி, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். தாய் கூட உட்கார வேண்டும் என்ற நிபந்தனையையும் அந்த மனுவில் சேருங்கள். அப்புறம், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குத் தவறாமல் போய் உதவியாளர் வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்குத் தங்கையோடு நானும் போகிறேன்.