4-அசிட்டாக்சி-டிஎம்டி செரட்டோனின் அன்று

4-அசிட்டாக்சி-டிஎம்டி என்னும் செயற்கைச் சேர்மம் நம் உடலில் சுரந்து நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனினே என்றும், மனச்சோர்வுள்ளோருக்கு அது குறையை நிரப்பும் சத்து என்றும் ஓர் அன்பர் எழுதியுள்ளார். மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அதைப் பகிர்ந்தும் வருகிறார்கள். அரசு கிளினிக்கில் மனச்சோர்வுக்கு மருந்து பெறுவோர் இதை நம்பி மருந்தை நிறுத்திவிடக் கூடாதே என்ற கவலையில் இதை எழுதுகிறேன்.

இரண்டும் டிரிப்டமின் என்னும் வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது உண்மை. ஆனால் செரட்டோனினில், இரண்டுக்கும் பொதுவான இண்டோல் என்னும் வளையத்தின் 5ஆம் இடத்தில் ஹைட்ராக்சில் தொகுதி உள்ளது. மற்றதிலோ 4ஆம் இடத்தில் அசிட்டாக்சித் தொகுதியும், பக்கச் சங்கிலியின் நைட்ரஜனில் இரண்டு மெத்தில் தொகுதிகளும் உள்ளன. உடலுக்குள் அசிட்டைல் பகுதி நீங்கியதும் அது சைலோசினாகிறது. 1958இல் சுவிஸ் வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் குழுவினர் மாயத்தோற்றம் தரும் காளானிலிருந்து பிரித்தெடுத்த அதே பொருள். குருதியிலிருந்து மூளைக்குள் பொருள்கள் புகுவதைக் கட்டுப்படுத்தும் குருதி-மூளைத் தடுப்பைச் செரட்டோனின் எளிதில் கடப்பதில்லை. சைலோசின் அதைக் கடந்து சென்று, செரட்டோனின் அளவை நிரப்பாமல், மூளைச் செல்களில் செரட்டோனின் இணையும் 5-எச்டி2ஏ என்னும் ஏற்பியைத் தானே தூண்டி மாயத்தோற்றங்களை உண்டாக்குகிறது. அந்த ஏற்பியை அடைக்கும் கெட்டான்செரின் என்னும் மருந்தை முன்கூட்டியே கொடுத்தால், உடலில் சைலோசினாக மாறும் காளான் பொருளான சைலோசைபினின் இவ்விளைவு தடைபடுகிறது என்பதைச் சூரிச் ஆய்வாளர்கள் 1998இல் காட்டினர்.

யாரும் இதைச் சரிபார்க்கலாம். பப்கெம் என்னும் இலவசத் தரவுத்தளத்தில் இரு பெயர்களையும் தேடினால், செரட்டோனினுக்குக் கார்பன் அணுக்கள் 10, மூலக்கூறு நிறை ஏறத்தாழ 176 என்றும், மற்றதற்கு 14, 246 என்றும் காட்டும். படிவம் ஆறில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பில்) வேதியியல் பயிலும் பிள்ளைகளிடம் இரு கட்டமைப்புப் படங்களையும் காட்டினால், வேறுபாடு எங்கே என்று அவர்களே சுட்டிக்காட்டுவார்கள்.