பில்லிங் மென்பொருளுக்கு எந்த மொழி என்று கேட்கும் முன்

"மூன்று கிளை உள்ள மருந்துக் கடைக்கு டெஸ்க்டாப் சாஃப்ட்வேர் எழுதணும். டேட்டாபேஸ் கிளவுடில் இருக்கும். சி ஷார்ப் நல்லதா, பைத்தானா, ஜாவாவா?" புரோகிராமர் குழுக்களில் இந்தக் கேள்வி ஓய்ந்ததே இல்லை. பதில் சொல்பவர்கள் அவரவருக்குக் கைவந்த மொழியைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கடைக்கும் சர்வருக்கும் நடுவே ஒரு பாக்கெட் (தகவல் பொட்டலம்) போய்த் திரும்ப எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது? இன்டர்நெட் போய்விட்டால் கடை பில் போட வேண்டுமா, வேண்டாமா? இந்த இரண்டையும் யாரும் கேட்பதில்லை. இவற்றுக்குப் பதில் தெரிந்தால் மொழி தானாக அமையும். தெரியாமல் மொழியைப் பிடித்தால், எந்த மொழியில் எழுதினாலும் அதே அவஸ்தைதான்.

முதலில் தூரம். சர்வர் கடைக்குள்ளேயே இருந்தால் ஒரு சுற்று போய்வர ஒரு மில்லி செகண்ட்கூட ஆகாது. மதுரையிலிருந்து மும்பை டேட்டா சென்டருக்கு ஃபைபர் இணைப்பில் சுமார் 40 என்று வைத்துக்கொள்வோம். மலிவாகக் கிடைக்கிறதே என்று அமெரிக்கக் கிழக்குக் கரையில் சர்வர் எடுத்தால் 200-ஐத் தாண்டிவிடும். இப்போது 20 மருந்து உள்ள ஒரு பில்லை எடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஸ்டாக் இருக்கிறதா என்று பார்க்க ஒரு குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி), வரியைச் சேர்க்க ஒன்று, ஸ்டாக்கைக் குறைக்க ஒன்று. இப்படித்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். மொத்தம் 60 சுற்று. கடைக்குள் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்த அதே சேவ், மும்பைக்குப் போனால் 2.4 நொடி, அமெரிக்காவுக்குப் போனால் 12 நொடிக்கு மேல். கவுண்டருக்கு எதிரே ஆள் நிற்கிறார். இதற்காக 100 எம்பிபிஎஸ் பிளானை 300 ஆக்கினால் ஒன்றும் மாறாது. போகிற தகவல் சில கிலோபைட்தான், காத்திருப்பதெல்லாம் தூரத்துக்காக.

தீர்வு எளிது. முழு பில்லையும் ஒரே ஜேசன் (தகவலைக் கட்டி அனுப்பும் உரை வடிவம்) ஆக்கி ஒரே தடவை அனுப்புங்கள். ஸ்டாக் பார்ப்பது, வரி சேர்ப்பது, குறைப்பது எல்லாம் டேட்டாபேஸுக்குப் பக்கத்திலேயே, ஒன்று முழுதாகப் பதியும் இல்லையென்றால் எதுவுமே பதியாத ஒரே டிரான்சாக்‌ஷனில் நடக்கட்டும். 60 சுற்று ஒன்றாகிவிடும். இதை எந்த மொழியிலும் செய்யலாம், எந்த மொழியிலும் செய்யத் தவறலாம்.

கனெக்‌ஷன் திறப்பதற்கும் தனிச் செலவு உண்டு. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் டிசிபி (இணைப்பை ஏற்படுத்துவது), பிறகு டிஎல்எஸ் (அதை என்கிரிப்ட் செய்வது), பிறகு பாஸ்வேர்டு சரிபார்ப்பு என்று முதல் குவெரி கிளம்பும் முன்பே ஆறேழு சுற்று போய்விடும். 40 மில்லி செகண்ட் தூரத்தில் அது சுமார் கால் நொடி. ஒவ்வொரு பட்டன் கிளிக்குக்கும் கனெக்‌ஷன் திறந்து மூடினால் ஆப் முழுக்க மந்தமாகத் தெரியும். சரி, ஒரே கனெக்‌ஷனை நாள் முழுக்கத் திறந்து வைக்கலாமா? அங்கே வேறு சிக்கல். நடுவில் இருக்கும் ரௌட்டரும் இணைய நிறுவனத்தின் நாட் பெட்டியும் (பலரை ஒரே ஐபியில் அனுப்பும் கருவி) சில நிமிடம் பேச்சில்லாத இணைப்பைச் சத்தமில்லாமல் மறந்துவிடும். இரண்டு முனைக்கும் அது தெரியாது. "சாப்பாட்டு நேரம் முடிந்து போடும் முதல் பில் மட்டும் தொங்குகிறது" என்று புகார் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில், சும்மா கிடக்கும் இணைப்பைச் சர்வர் அறுக்கும் கெடுவான வெயிட் டைம்அவுட் இயல்பாக 28,800 நொடி, அதாவது எட்டு மணி நேரம். அதை இன்னும் கூட்டுவதால் பயனே இல்லை, அறுப்பது சர்வர் அல்லவே. 30 நொடிக்கு ஒரு கீப் அலைவ் ('இன்னும் இருக்கிறேன்' என்ற வெற்றுச் செய்தி) அனுப்ப வேண்டும், குவெரிக்கும் காலக்கெடு வைக்க வேண்டும்.

அடுத்தது, டெஸ்க்டாப் ஆப் நேரடியாக டேட்டாபேஸோடு பேசலாமா என்பது. பேசக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து. கனெக்‌ஷன் ஸ்ட்ரிங் (சர்வர் முகவரியும் பாஸ்வேர்டும் அடங்கிய வரி) எங்கே இருக்கும் என்று பாருங்கள். கடையில் இருக்கும் கம்ப்யூட்டரில், எக்ஸ்இ கோப்புக்குள் இருக்கும். டாட் நெட் எக்ஸ்இயை ஐஎல்ஸ்பை போன்ற இலவசக் கருவியில் திறந்தால் பாஸ்வேர்டு அப்படியே படிக்கக் கிடைக்கும். எலெக்ட்ரானில் (வலைப்பக்க மொழியில் டெஸ்க்டாப் ஆப் எழுதும் கருவி) எழுதிய ஆப்பின் கோப்பைப் பிரிக்க அதைவிடக் குறைந்த நேரம் போதும். 'என்கிரிப்ட் செய்து வைத்திருக்கிறேன்' என்பதும் பொருளற்றது. அவிழ்க்கும் சாவியும் அதே எக்ஸ்இக்குள்தானே இருக்கிறது? அந்தப் பாஸ்வேர்டு கையில் கிடைத்தவருக்கு உங்கள் திரையில் இருக்கும் 'டிலீட் செய்ய அனுமதி இல்லை' என்ற செய்தி தெரியவே தெரியாது. நேராக டேபிளுக்கே போய்விடுவார்.

போர்ட் விஷயம் இன்னும் மோசம். டேட்டாபேஸ்களின் கதவு எண்களான 3306 (மைஎஸ்க்யூஎல்), 5432 (போஸ்ட்கிரெஸ்), 1433 (எஸ்க்யூஎல் சர்வர்) ஆகியவற்றை உலகத்துக்குத் திறந்து வைத்தால் தட்டிப் பார்க்க ரோபோக்கள் எப்போதும் காத்திருக்கின்றன. 2003 ஜனவரியில் ஸ்லாமர் புழு எஸ்க்யூஎல் சர்வர் 2000-இன் 1434 யுடிபி போர்ட் வழியாகப் பத்தே நிமிடத்தில் சுமார் 75,000 கணினிகளைப் பிடித்தது. அதற்கான திருத்தம் ஆறு மாதம் முன்பே வெளிவந்திருந்தது. 2017-இல் திறந்து கிடந்த மோங்கோ, மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்களை அழித்துவிட்டுப் பிட்காயின் கேட்ட கூட்டங்களும் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, திறந்த கதவில் நுழைந்தார்கள். கடையின் ஐபியை மட்டும் ஃபயர்வாலில் அனுமதிக்கலாம் என்று தொடங்குவார்கள். சாதாரண பிராட்பேண்டில் ஐபி மாறிக்கொண்டே இருக்கும், மொபைல் டேட்டாவில் ஒரே ஐபிக்குப் பின்னால் ஊரே இருக்கும். இரண்டு முறை கடை நின்றதும் யாரோ ஒருவர் எல்லா ஐபிக்கும் திறந்துவிடுவார். பிறகு அதை யாரும் மூடுவதில்லை.

எனவே நடுவில் ஒரு ஏபிஐ, அதாவது ஆப்பின் கோரிக்கையை வாங்கிச் சரிபார்த்து டேட்டாபேஸோடு பேசும் சர்வர் புரோகிராம். ஆஸ்ப் டாட் நெட் கோரோ, ஃபாஸ்ட்ஏபிஐயோ, எது தெரியுமோ அது. முன்னால் கேடி என்ற வெப் சர்வரை வைத்தால் எச்டிடிபிஎஸ் சான்றிதழை அதுவே எடுத்துப் புதுப்பித்துக்கொள்ளும். டேட்டாபேஸ் அதே மெஷினுக்குள் லோக்கல்ஹோஸ்டில் மட்டும் கேட்கட்டும். கனெக்‌ஷன் எண்ணிக்கைச் சிக்கலும் இதிலேயே தீர்ந்துவிடும். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு கனெக்‌ஷனும் ஒரு தனி பிராசஸ், இயல்பான உச்சவரம்பு 100. ஒவ்வொரு கவுண்டரும் தனக்கென்று ஒரு பூல் (திறந்தே வைத்த இணைப்புகளின் தொகுப்பு) வைத்துக்கொண்டால் வரம்பு நினைத்ததைவிடச் சீக்கிரம் முட்டும். ஏபிஐ வைத்தால் பத்துப் பதினைந்து கனெக்‌ஷன் எல்லாக் கிளைக்கும் போதும்.

பழைய ஆப், நேரடி இணைப்பை இப்போதைக்கு மாற்ற முடியாது என்றால் வயர்கார்டோ டெயில்ஸ்கேலோ (தனி விபிஎன் பாதை) போட்டு அதற்குள் ஓட்டுங்கள். டிஎல்எஸ்ஸையும் உண்மையாகவே சரிபாருங்கள். போஸ்ட்கிரெஸின் இணைப்பு நூலகமான லிப்பிக்யூவில் எஸ்எஸ்எல் மோட் இயல்பாக 'ப்ரிஃபர்'. கிடைத்தால் என்கிரிப்ட், கிடைக்காவிட்டால் வெறுமனே போகும். 'வெரிஃபை ஃபுல்' என்று வைத்தால்தான் எதிரே இருப்பது நம் சர்வர்தானா என்று பார்க்கும். மைக்ரோசாஃப்டின் புதிய எஸ்க்யூஎல் கிளையன்ட் 4.0 முதல் என்கிரிப்ட் இயல்பாகவே ஆனில் இருக்கிறது. உடனே சான்றிதழ் பிழை வரும். வலையில் தேடினால் 'ட்ரஸ்ட் சர்வர் சர்டிஃபிகேட்' என்பதை ட்ரூ ஆக்கு என்பார்கள். பிழை மறையும், பாதுகாப்பும் கூடவே போகும்.

டேட்டாபேஸ் தேர்வில் அதிக நேரம் செலவிட வேண்டாம். போஸ்ட்கிரெஸ் எடுங்கள், காரணமில்லாமல் மாற்றாதீர்கள். எஸ்க்யூஎல் சர்வர் பழகியவர்கள், எக்ஸ்பிரஸ் பதிப்பில் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி என்ற வரம்பு 2022 பதிப்பு வரை இருந்ததை நினைவில் வைக்க வேண்டும். பில் படங்களை டேபிளுக்குள் திணித்தால் அது சீக்கிரம் நிரம்பும். எஸ்க்யூஎல் சர்வரின் இயல்பான அமைப்பில் தமிழ்ப் பெயர்களை வார்கேர் என்ற எழுத்து வகையில் சேமித்தால் வெறும் கேள்விக்குறிகள் மிஞ்சும். யூனிகோடு வகையான என்வார்கேர் வேண்டும், நேரடியாக எழுதும் ஸ்ட்ரிங்குக்கு முன்னால் ஆங்கில 'N' எழுத்தும் வேண்டும். ஒரே கோப்பில் அடங்கும் டேட்டாபேஸ்களான ஆக்சஸையோ எஸ்க்யூஎல்லைட்டையோ நெட்வொர்க் ஃபோல்டரில் போட்டு கிளைகள் பகிர்ந்துகொள்வது மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம். கோப்புப் பூட்டு நெட்வொர்க்கில் ஒழுங்காக வேலை செய்யாது, ஒரு நாள் கோப்பே கெட்டுப்போகும்.

இன்டர்நெட் இல்லாதபோது பில் போட வேண்டுமா? மருந்துக் கடைக்குப் பதில் ஒன்றே: கட்டாயம் வேண்டும். அப்படியென்றால் ஒவ்வொரு கவுண்டரிலும் லோக்கல் எஸ்க்யூஎல்லைட் இருக்க வேண்டும். பில் முதலில் அங்கே பதிவாகும், அதே டிரான்சாக்‌ஷனில் 'அனுப்ப வேண்டியவை' என்ற டேபிளிலும் ஒரு வரி விழும். பின்னணியில் ஓடும் வேலை அதை எடுத்து ஏபிஐக்கு அனுப்பி, சரி என்று பதில் வந்தபின் அழிக்கும். வேகத்துக்காக எஸ்க்யூஎல்லைட்டின் சிங்க்ரனஸ் அமைப்பை 'நார்மல்' ஆக்கச் சொல்லும் குறிப்புகளைப் பின்பற்றாதீர்கள். டபிள்யூஏஎல் முறையில் (மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும் முறை) அப்படி வைத்தால் கோப்பு கெடாது, ஆனால் கரண்ட் போன நொடியில் கடைசிச் சில பில்கள் காணாமல் போகலாம். 'ஃபுல்' என்றே இருக்கட்டும்.

பில்லின் அடையாள எண்ணைச் சர்வர் தரக்கூடாது, கவுண்டரே யுயுஐடியாக (எங்கும் மீண்டும் வராத நீண்ட எண்) உருவாக்க வேண்டும். பில் சர்வரில் பதிவான பிறகு, பதில் திரும்பி வரும் வழியில் லைன் அறுந்தால் கவுண்டர் மறுபடியும் அனுப்பும். அதே யுயுஐடி வந்தால் சர்வர் 'ஏற்கெனவே இருக்கிறது, சரி' என்று சொல்லிவிடலாம். இல்லையென்றால் ஒரு விற்பனை இரண்டு பில்லாகும். அச்சில் வரும் பில் எண் வேறு விஷயம். ஜிஎஸ்டி விதி 46 ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளை அனுமதிக்கிறது. எண் தொடர்ச்சியாக, நிதியாண்டுக்குள் திரும்ப வராததாக, 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும். எனவே கவுண்டருக்கு ஒரு வரிசை: எம்1/25-26/00347 என்ற வடிவம், ஆங்கில எழுத்தில் 14 இடத்தில் அடங்கிவிடும். கிளைகளுக்கிடையே யாரிடமும் எண் கேட்டு நிற்க வேண்டாம்.

ஸ்டாக் இருப்பை சிங்க் செய்யாதீர்கள், ஸ்டாக் அசைவுகளை சிங்க் செய்யுங்கள். 'இருப்பு 12' என்று இரண்டு கவுண்டர் அனுப்பினால் எது சரி என்று யாராலும் சொல்ல முடியாது. 'மூன்று போனது', 'இரண்டு போனது' என்று வந்தால் கூட்டிக்கொள்ளலாம். பேட்ச் எண், காலாவதி தேதியோடு ஒவ்வொரு அசைவும் போக வேண்டும். இரண்டு கவுண்டரும் ஆஃப்லைனில் இருக்கும்போது கணக்கு மைனஸில் போனால் பில்லைத் தடுக்கக் கூடாது. மாத்திரை அட்டை கையில் இருந்தது, விற்றும் ஆகிவிட்டது. எனவே கணக்கில்தான் பிழை. மேனேஜர் திரையில் சிவப்பாகக் காட்டினால் போதும்.

விலைப்பட்டியல் எதிர்த்திசையில், சர்வரிலிருந்து கடைக்கு வரும். 'கடைசியாகப் பார்த்த எண்ணுக்கு மேல் உள்ளதைக் கொடு' என்று வரிசை எண்ணை நம்பி எழுதினால் ஒரு நுணுக்கமான ஓட்டை உண்டு: 501 எடுத்த டிரான்சாக்‌ஷன், 502-க்குப் பிறகு கமிட் (நிலையாகப் பதிவு) ஆகலாம். 502 வரை பார்த்துவிட்ட கடைக்கு 501 என்றைக்கும் கிடைக்காது. ஒவ்வொரு முறையும் சற்றுப் பின்னால் போய் எடுங்கள், ஒரே வரி இரண்டு தடவை வந்தாலும் பாதகமில்லாதபடி எழுதுங்கள். வரிகளை நிஜமாக அழிக்காமல் 'நீக்கப்பட்டது' என்று குறியிடுங்கள். அழித்துவிட்டால் அது போனது கடைக்குத் தெரியவே தெரியாது.

இவ்வளவும் முடிவான பிறகு மொழி. கடையில் இருப்பது 4 ஜிபி ராம் உள்ள விண்டோஸ் 7 மெஷின் என்றால், டாட் நெட் 8 அதில் ஆதரவில் இல்லை, எலெக்ட்ரானும் 23-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. டாட் நெட் ஃபிரேம்வொர்க் 4.8-இல் வின்ஃபார்ம்ஸ் (விண்டோஸ் திரை அமைக்கும் கருவி) ஓடும். மெஷினை மாற்ற முடியும் என்றால் மாற்றுவதே மேல். பில்லிங் திரைக்கு வின்ஃபார்ம்ஸைப் பழசு என்று ஒதுக்க வேண்டாம். கீபோர்டிலேயே முழு பில்லும் போடும் கை வேகத்துக்கு அது ஈடுகொடுக்கும். பைத்தான் தெரிந்தவர் திரை அமைக்கும் பைசைட்6 எடுக்கலாம், அதன் எல்ஜிபிஎல் உரிமம் விற்பனைக்கும் இடம் கொடுக்கும். பைக்யூட்டியோ ஜிபிஎல் அல்லது காசு. பைஇன்ஸ்டாலரில் கட்டிய எக்ஸ்இயை ஆன்டிவைரஸ் அவ்வப்போது வைரஸ் என்று தூக்கிவிடும், அதற்குத் தயாராக இருங்கள். பாஸ்கல் கை உள்ளவருக்கு லாசரஸ் இன்றும் நல்ல கருவி.

தேர்வில் பிரின்டரையும் சேருங்கள். 80 மிமீ தெர்மல் பிரின்டர்களுக்கு ஈஎஸ்சி/பிஓஎஸ் கட்டளையில் ஆங்கிலம் அனுப்பினால் அச்சாகும். தமிழ் எழுத்துகளைச் சேர்த்து உருவாக்க அவற்றுக்குத் தெரியாது. நிர்மலா யூஐ போன்ற எழுத்துருவில் விண்டோஸையே வரையச் செய்து, 576 புள்ளி அகலப் படமாக அனுப்ப வேண்டும். 58 மிமீ என்றால் 384 புள்ளி. இதை எளிதாகச் செய்யவிடாத கருவி, மற்றதில் எவ்வளவு அழகாக இருந்தாலும் தமிழ்க் கடைக்கு ஆகாது.

புரோகிராம் எழுதத் தொடங்கிய வாரத்திலேயே கெட்ட லைனில் ஓட்டிப் பாருங்கள். விண்டோஸில் கிளம்ஸி என்ற சிறு கருவி செயற்கையாகத் தாமதமும் பாக்கெட் இழப்பும் தரும். 200 மில்லி செகண்ட் தாமதம், 2 சதவீதம் இழப்பு வைத்து 20 வரி பில் போடுங்கள். திரை உறைந்து 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்தால் நெட்வொர்க் வேலை திரையை இயக்கும் யூஐ திரெட்டிலேயே நடக்கிறது, அதை அசிங்க் (பின்னணியில் ஓடுவது) ஆக்குங்கள். பிறகு, சேவ் அழுத்தியதும் கேபிளைப் பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்துச் செருகி, சர்வரில் அந்த பில் எத்தனை முறை பதிவாகியிருக்கிறது என்று எண்ணுங்கள்.