பேரி ஹாரிஸ் சொல்லிக்கொடுத்த முறை

ஜாஸ் பியானோ கலைஞர் பேரி ஹாரிஸ் பற்றிய உங்கள் கட்டுரையில் அவருடைய டெட்ராய்ட் நாட்களும் இன்னொரு பியானோ கலைஞரான தெலோனியஸ் மங்க்குடனான நட்பும் நன்றாக வந்திருக்கின்றன. அவருடைய பாடமுறையை மட்டும் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். 1982-ல் நியூயார்க்கில் ஜாஸ் கல்ச்சுரல் தியேட்டரைத் தொடங்கியவர், 2021-ல் இறக்கும் காலம்வரை வகுப்பெடுத்தவர். அவர் வாழ்க்கையில் பாதி அதுதான்.

அவருடைய அடிப்படை ஸ்கேலில், அதாவது ஸ்வர வரிசையில், எட்டு ஸ்வரம்: சி, டி, இ, எஃப், ஜி, ஏ-ஃபிளாட் (ஏ-வுக்கு அரைப்படி கீழே), ஏ, பி. ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் சி, இ, ஜி, ஏ. அது சி6 என்ற கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு. மிச்சம் நான்கும் சேர்ந்தால் டிமினிஷ்ட் என்ற இன்னொரு கார்டு. ஸ்கேலில் ஏறஏற இந்த இரண்டு கார்டும் மாறிமாறி வரும். ஏ-ஃபிளாட்டை விட்டால் ஜியும் ஏயும் அடுத்தடுத்து நின்று சி6 இருமுறை வந்துவிடும், நகர்வு தேங்கிவிடும்.

மெலடி வாசிப்புக்கும் இதே கணக்குதான். ஜி7 கார்டுக்கு (ஜி, பி, டி, எஃப்) ஜியிலிருந்து எட்டாம் நோட்டுகளில், அதாவது ஒரு பீட்டுக்கு இரண்டு ஸ்வரமாக, நேராக இறங்கினால் பீட்டில் விழுவது ஜி, இ, சி, ஏ. ஜிக்கும் எஃப்புக்கும் நடுவில் எஃப்-ஷார்ப் சேருங்கள். பீட்டில் ஜி, எஃப், டி, பி வரும், கார்டு தெளிவாகக் கேட்கும். பியிலிருந்தோ டியிலிருந்தோ எஃப்பிலிருந்தோ தொடங்கினாலும் இது பொருந்தும். ஏ, சி, இயில் தொடங்கினால் பொருந்தாது. அங்கே எஃப்-ஷார்ப் போல இடையில் சேர்க்கும் அரைஸ்வரமே வேண்டாம், அல்லது இரண்டு வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான்.