அந்த ஓரத் திருப்பத்தை யார்தான் சொல்லித் தருவீர்கள்?

"கொடுங்கக்கா, நான் போட்டுத் தர்றேன்."

மூன்று மணி நேரப் பாசிமணிப் பின்னல் வகுப்பில் இதை ஐந்து முறை கேட்டேன். ஐந்து முறையும் என் கையிலிருந்த ஊசியும் நூலும் பாதிப் பட்டையும் ஆசிரியரின் கைக்குப் போயின. அரை நிமிடத்தில் திரும்பி வந்தன. வரிசை முடிந்து, ஊசி அடுத்த வரிசைக்குத் தயாராக நின்றது. இடையில் என்ன நடந்தது? எனக்குத் தெரியாது. அவர் விரல்களுக்குள் நடந்தது. அதைக் கற்றுக்கொள்ளத்தானே 85 வெள்ளி கட்டினேன்!

இரண்டு வாரமாக ஆத்திரம் அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன். யார், எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. ஒரு சனிக்கிழமை, சிங்கப்பூரின் வடக்கே ஓர் அறை, பன்னிரண்டு பேர், அவ்வளவு போதும்.

விஷயம் பாசிமணிப் பின்னல். தறி கிடையாது, சட்டம் கிடையாது. ஓர் ஊசி, ஒரு நூல், கடுகளவு கண்ணாடி மணிகள். மணிக்கு மணி நூலை ஓட்டிப் பின்னினால் துணிபோல வளைந்து கொடுக்கும் பட்டை கிடைக்கும். வளையலாகப் போடலாம், கழுத்தில் கட்டலாம். பெயோட்டி, பிரிக், ஹெரிங்போன், ரைட் ஆங்கிள் வீவ் என்று பின்னலுக்குப் பின்னல் பெயர் உண்டு. வரும் தீபாவளிக்கு என் அண்ணன் மகளுக்குக் கழுத்தை ஒட்டிய பட்டை ஒன்று பின்னித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அவளுக்கு மயில்நீலப் பாவாடை தாவணி எடுத்திருக்கிறார்கள். அதே நீலத்தில், நடுவில் பொன்னிற டைமன் வடிவம் ஓடுகிற மாதிரி ஒரு பட்டை. தேக்கா கடைத்தெருப் பக்கம் நடந்தால் இதைவிடப் பளபளப்பாகவே வாங்கிவிடலாம். வாங்க விருப்பமில்லை, நான் செய்து கொடுக்க வேண்டும். வகுப்பு விளம்பரத்தில் இருந்த படம் கிட்டத்தட்ட அதே பட்டை. "தொடக்கநிலையினருக்கு. அனுபவம் தேவையில்லை." உடனே கட்டிவிட்டேன்.

வகுப்பில் எடுத்தது பெயோட்டிப் பின்னல். முதல் நாற்பது நிமிடம் வரலாறு. திரையில் படம் படமாக ஓடியது. அமெரிக்கப் பூர்வகுடிகள் தங்கள் சடங்குப் பொருள்களை இந்தப் பின்னலால் அலங்கரித்ததில் பெயோட்டி என்ற பெயர் வந்தது, பழைய எகிப்தின் மணிவேலையிலும் இதே பின்னல் இருக்கிறது, இன்றைக்கு உலகம் முழுவதும் பின்னுகிறவர்கள் தேடி வாங்கும் மணிகள் ஜப்பானின் ஹிரோஷிமா பக்கத்திலிருந்து வருகின்றன. எல்லாம் நல்ல செய்திதான், எனக்கும் கேட்கப் பிடித்தது. ஆனால் அடுத்து ஆசிரியர், "இது நம்ம நோன்யா காலணி மாதிரியேதான்" என்றபோது முதல் நெருடல். மாதிரி இல்லை. பெரனாக்கான் பெண்களின் கசுத் மானெக் என்கிற அந்த மணிக் காலணி வேலை துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதன்மேல் ஒவ்வொரு மணியாகத் தைப்பது. மணியைத் தாங்க அங்கே துணி இருக்கிறது. நாங்கள் செய்ய வந்ததில் நூல் போகிற வழியைத் தவிர வேறு தாங்கல் இல்லை. வழி தப்பினால் பட்டையே இல்லை. கற்றுத் தருகிறவர் இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விட்டால் வேறு யார் சொல்வது?

பிறகு பின்னல் தொடங்கியது. பதினொரு மணிகளைக் கோக்கச் சொன்னார்கள்.

இங்கேதான் எனக்குக் கோபம் தலைக்கேறுகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இதைச் சொன்னால்தான் மற்றது புரியும். பெயோட்டியில் முதலில் கோக்கும் மணிகளே இரண்டு வரிசைகளாகிவிடும். அதற்கு மேல் ஒரு மணி எடுத்து, ஒரு மணியைத் தாண்டி, அடுத்த மணிக்குள் ஊசியை விட வேண்டும். இப்படியே போனால் மணிகள் ஒன்றுவிட்டு ஒன்று தலைதூக்கி நிற்கும். அடுத்த வரிசையில் அந்தத் தலைதூக்கிய மணிகளுக்குள் நுழைந்து, இடைப்பட்ட பள்ளங்களை நிரப்ப வேண்டும். இரட்டைப்படை எண்ணிக்கையில் தொடங்கினால் இரண்டு ஓரத்திலும் ஊசி நுழைய ஒரு மணி தலைதூக்கிக் காத்திருக்கும். நேராக நுழைந்து திரும்பிவிடலாம், சின்னப் பிள்ளையும் செய்யும். ஒற்றைப்படையில் ஒரு பக்கம்தான் அப்படி. மறு பக்கம் சுவர். கடைசி மணியைக் கோத்துவிட்டு அடுத்து எங்கே நுழைவது என்று பார்த்தால், அங்கே மணியே இருக்காது.

பதினொன்று ஒற்றைப்படை. ஏன் அதை எடுத்தார்கள்? டைமன் நட்டநடுவில் விழ வேண்டுமானால் நடுவில் ஒற்றை மணி வரிசை வேண்டும், அதற்கு ஒற்றைப்படை வேண்டும். படத்தில் அழகாக இருக்கும். விளம்பரத்துக்கு ஆகும். ஊசியே பிடிக்காத பன்னிரண்டு பேருக்கு முதல் நாள் பாடமாக ஆகாது! பத்து மணிகளில் ஒரு சாதாரணக் கோடு போட்ட பட்டை போட்டிருந்தால் நாங்கள் அத்தனை பேரும் அன்றைக்கே கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்போம்.

சரி, ஒற்றைப்படைதான் என்றால் அந்த ஓரத்தைச் சொல்லித் தர வேண்டாமா? "இந்த எண்டு கொஞ்சம் டிரிக்கி, நான் வந்து போட்டுத் தர்றேன்" என்றார்கள். ஒவ்வொரு மேசையாக வந்தார்கள், ஒவ்வொருவர் கையிலிருந்தும் வாங்கினார்கள். நான் எட்டி எட்டிப் பார்த்தேன். அவர் கட்டைவிரல் மறைத்தது. "மெதுவா ஒரு தடவை காட்டுங்களேன்" என்றேன். "பரவாயில்லக்கா, ரெண்டு வரிசைக்கு ஒரு தடவைதானே, கூப்பிடுங்க வர்றேன்." இரண்டு வரிசைக்கு ஒரு தடவை! கழுத்துப் பட்டைக்கு நூற்றுக்கணக்கான வரிசை வேண்டும். வீட்டில் இரவு பதினொரு மணிக்கு நான் யாரைக் கூப்பிடுவது?

கொடுத்த பொருள்களைப் பற்றியும் சொல்லாமல் விட முடியவில்லை. பொட்டலத்தின்மேல் 11 என்று ஒரே அளவு எழுதியிருந்தது. உள்ளே நீலம் மட்டும் டெலிகா, அதாவது குழாயை நறுக்கியதுபோலச் சீரான உருளை மணி. பொன்னிறம் சாதாரண உருண்டை மணி. இரண்டுக்கும் பெயர் 11தான். ஆனால் டெலிகா சுமார் 1.6 மில்லிமீட்டர், உருண்டை மணி 2 மில்லிமீட்டரைத் தொடும். இரண்டையும் ஒரே பட்டையில் கலந்தால் டைமன் வருகிற இடமெல்லாம் வயிறு புடைத்துக்கொண்டு ஓரம் நெளியும். நெளிந்தது. கேட்டதற்கு, "கழுத்துல போட்டா தெரியாதுக்கா" என்றார்கள். எனக்குத் தெரியும். போட்டுக்கொள்ளப்போகும் பெண்ணுக்கும் தெரியும். ஊசி 10ஆம் எண். நூல் ஒரு மணிக்குள் மூன்றாவது தடவை போகும்போது அதற்கு இடமில்லை, இழுத்தால் மணி உடைகிறது. எண் கூடக் கூட ஊசி மெலியும், 12 கொடுத்திருக்கலாம். என் பட்டையில் ஓர் ஓர மணி தெறித்து, அது வரைக்கும் பிரிக்க வேண்டி வந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பக்கத்து மேசையில் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா இருந்தார். ஓய்வு பெற்ற பிறகு கையைச் சும்மா வைத்திருக்கப் பிடிக்கவில்லை என்று வந்தவர். மிகச் சுத்தமான கை. நூலை ஒரே சீராக இழுத்தார், எங்கள் யாருடைய பட்டையும் அவருடையதுபோல் படிந்து கிடக்கவில்லை. அந்த ஓரம் வரும்போதெல்லாம் அவர் கையிலிருந்தும் வாங்கப்பட்டது. நான்காவது தடவைக்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. பட்டையைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, என்னிடம், "இதெல்லாம் நமக்கு வராதும்மா" என்றார்.

வராதா? யாருக்கு வராது? வந்துகொண்டிருந்ததைக் கையிலிருந்து வாங்கிவிட்டு, வராது என்று நம்ப வைத்து அனுப்பிவிட்டார்கள். அவர் மறுபடி எந்த வகுப்புக்கும் போகமாட்டார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு பதறுகிறது.

என் பாட்டி எனக்குப் பூக்கட்டச் சொல்லிக் கொடுத்தார். எங்கள் பழைய புளோக் வீட்டு வாசலில் பாய் விரித்து, மல்லிகையைக் கொட்டி வைத்து, எனக்கு ஏழு வயதோ எட்டோ. நான் கட்டினால் நூல் தளர்ந்து பூவெல்லாம் உதிரும். பாட்டி ஒரு தடவைகூட அதைக் கையில் வாங்கியதில்லை. தன் பக்கம் வேறொரு நூலை எடுத்து, விரலை அகட்டிக் காட்டி, "இங்க பாரு, இப்படிச் சுத்தி, இதுக்குள்ள விடு" என்பார். என் நூல் என் கையிலேயே இருக்கும். தப்பாகப் போனால், "அவுத்துட்டு மறுபடி கட்டு." அவ்வளவுதான். பள்ளிக்கூடம் போகாத கிழவிக்குத் தெரிந்திருந்தது, சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பவருக்குத் தெரியவில்லை.

வீடியோக்களைப் பார் என்று சொல்லாதீர்கள். பார்த்தேன். வகுப்புக்குப் பிறகு வந்த இரவுகளில் கண் எரியப் பார்த்தேன். எனக்குக் கிடைத்தவை எல்லாவற்றிலும் முதல் வரிசைகள் ஆற அமர வரும். ஓரம் வந்ததும் விரல் மறைக்கும், அல்லது படம் வேகம் பிடிக்கும், அல்லது "இப்படியே திருப்பி, கடைசி வரை தொடருங்கள்" என்று ஒரே வரியில் அடுத்த காட்சிக்குத் தாவிவிடும். எப்படியே? அதைத்தானே கேட்கிறேன்! சிலதில் பேச்சே இல்லை, பாட்டு மட்டும் ஓடுகிறது. நீல மணிக்கு நீல நூல் வேறு. பின்னுவதற்கு அது சரி. சொல்லித் தரும்போது நூல் தெரிய வேண்டாமா?

போன வியாழக்கிழமை வேலை முடிந்து வரும்போது எங்கள் வட்டாரக் கடையில் பிள்ளைகள் கோத்து விளையாடும் மர மணி ஒரு பை வாங்கினேன். ஒவ்வொன்றும் கொண்டைக்கடலையைவிடப் பெரியது. நூலுக்குப் பதில் ஒரு வெள்ளைக் காலணிக் கயிறு. சாப்பாட்டு மேசையில் வைத்து, வரிசைக்கு ஒரு நிறமாகக் கோத்தேன். பதினொன்று வேண்டாம், ஏழு போதும். ஓரம் வந்தது. வகுப்பில் ஆசிரியர் முடித்துத் தந்த பட்டையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, எந்த மணிக்குள் நூல் இரண்டாகத் தெரிகிறது, எதில் ஒன்றாகத் தெரிகிறது என்று எண்ணி எண்ணிக் கயிற்றை விட்டேன்.

கடைசி மணியைக் கோத்த பிறகு நூல் கீழ் வரிசை மணிகளுக்குள் சரிவாக இறங்க வேண்டும். உள்ளே போய்த் திரும்பி, 8 எழுதுவதுபோலக் குறுக்கே ஏறி, அந்தக் கடைசி மணிக்குள் எதிர்ப்பக்கமாக வெளியே வர வேண்டும். இது முதல் தடவைக்கு மட்டும். அதற்குப் பிறகு அந்த ஓரம் வரும்போதெல்லாம் இவ்வளவு சுற்றுகூட வேண்டாம். கீழே இரண்டு ஓர மணிகளுக்கு நடுவே தெரிகிற நூலுக்கு அடியில் ஊசியைக் கொடுத்து, இப்போது கோத்த மணிக்குள்ளேயே திரும்பி வந்தால் போதும். நூல் அங்கே கொக்கிபோல மாட்டிக்கொள்கிறது. சுவர் என்று நினைத்த இடத்தில் வழி இருந்தது.

கண்ணால் பார்த்த பிறகு இதை நான் கற்றுக்கொள்ள எடுத்தது பத்து நிமிடம். பத்தே நிமிடம்! அந்த அறையில் திரை இருந்தது, கேமரா இருந்தது, எகிப்தைக் காட்ட நேரம் இருந்தது. ஒரு பை மர மணியும் ஒரு கயிறும் கொண்டு வந்து, ஓரத்தை மூன்று தடவை மெதுவாகப் போட்டுக் காட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் அந்த அம்மா அன்றைக்கே கற்றுக்கொண்டிருப்பார். நாங்கள் தப்பு செய்வோம், நேரம் ஆகும், வகுப்பு முடியும்போது எல்லார் கையிலும் பாதிப் பட்டைதான் இருக்கும். இருக்கட்டுமே! முழுப் பட்டையோடு சிரித்துக்கொண்டு நிற்கிற குழுப்படம் உங்களுக்கு வேண்டும் என்பதற்காக எங்கள் கையிலிருந்து வேலையை வாங்குகிறீர்கள்.

நேற்று கைப்பேசியில் செய்தி வந்தது. வகுப்பின் இரண்டாம் பகுதி, ரைட் ஆங்கிள் வீவ், 90 வெள்ளி, முன்பதிவுக்கு முந்துங்கள். அந்தப் பின்னலைப் பற்றி இதற்குள் படித்து வைத்திருந்தேன். நான்கு நான்கு மணியாகக் கட்டம் கட்டுவது. ஒரு கட்டத்தில் நூல் வலஞ்சுழியாகப் போனால் அடுத்ததில் இடஞ்சுழி, மணிகள் சந்திக்கும் இடைவெளியை நூல் நேராகத் தாண்டவே கூடாது. பெயோட்டியில் ஓரத்தில்தான் சுவர். இதில் கட்டத்துக்குக் கட்டம் திசை மாறும்.

பதில் எழுதினேன். "நூல் போகும் பாதையைப் பெரிய மணியில் போட்டுக் காட்டுவீர்களா? எங்கள் கையிலேயே விட்டுவிட்டுச் சொல்லித் தருவீர்களா?"

ஐந்து நிமிடத்தில் மறுமொழி வந்தது. "கவலையே படாதீங்கக்கா. வராதவங்களுக்கு நானே போட்டுத் தந்துடுவேன்."

நான் கட்டவில்லை. மர மணிப் பையை மேசையிலேயே வைத்திருக்கிறேன். இன்றிரவு நான்கு மர மணிகளில் ஆரம்பிக்கிறேன்.