‘பழசை மறந்துவிட்டு வரப்போவதை நினை’ என்ற யோசனை வேண்டாமே

குழந்தைகளை இழந்தபின் மீண்டும் கருவுற்றவளுக்கு ‘பழசை மறந்துவிட்டு வரப்போவதை நினை’ என்று ஒரு கட்டுரை யோசனை சொல்கிறது. அதை ஏற்க முடியவில்லை. மறப்பதற்கு வழியே இல்லை. செக்கப் அட்டையிலேயே ‘ஜி3 பி2 எல்0’ என்று இருக்கும்: மூன்றாவது கர்ப்பம், இரண்டு பிரசவம், உயிரோடு யாருமில்லை. அதைப் பார்க்காமல் ‘முதல் குழந்தை எப்படி இருக்கு?’ என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். கூடப் போகிறவர் முந்திக்கொண்டு நர்ஸிடம் அட்டையைக் காட்டிவிடுங்கள். அவள் வாயால் சொல்ல வைக்காதீர்கள்.

இதயத்துடிப்பு கேட்கும் கருவியை வீட்டுக்கு வாங்காதீர்கள். தாயின் நாடியோ நச்சுக்கொடியின் ரத்த ஓட்டமோ குழந்தையின் துடிப்பு போலவே கேட்டு ஏமாற்றும். அசைவுதான் கணக்கு. 28 வாரத்துக்குமேல் குறைந்ததாகத் தோன்றினால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ணுங்கள். 2 மணி நேரத்தில் 10 வராவிட்டால் அன்றே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரி. அசைவே இல்லையென்றால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள். ‘மாசம் நிறைஞ்சா அசைவு குறையும்’ என்பது தவறு. அதை நம்பித்தான் பலர் தாமதிக்கிறார்கள்.

முந்தைய இழப்பு நேர்ந்த வாரம் நெருங்கும்போது பயம் கூடும். அந்த வாரத்துக்கு ஒரு செக்கப்பை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். வளைகாப்பு வேண்டுமா என்பதை அவள் சொல்லட்டும், மாமியார் அல்ல.