துவைக்கிற கல்

(ராமநாதபுரம் பக்கம் ஒரு கிராமம். சனிக்கிழமை காலை. கொல்லையில் துவைக்கிற கல்மேல் எட்டாம் வகுப்புப் பேரன் குப்புறக் கிடக்கிறான். கல் முழுக்க மாவு.)

அப்பத்தா: இடியாப்ப மாவு எங்கேடா போச்சு என்று தேடினால், கல்லுக்குப் பவுடர் பூசிக்கொண்டிருக்கிறாயா?

பேரன்: பவுடர் இல்லை அப்பத்தா, ஆராய்ச்சி. மாவைத் தேய்த்தால் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், எழுத்து பளிச்சென்று தெரியும். பள்ளிக்கூடத்துத் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். திங்கட்கிழமை பிரேயரில் நான்தான் பேசப்போகிறேன்.

அப்பத்தா: பேசு, பேசு. ராத்திரி பசித்தால் இந்தக் கல்லையே கடித்துக்கொள்.

பேரன்: இதோ பார், ஒரு எழுத்துக்கும் புள்ளியே இல்லை.

அப்பத்தா: உன் பரீட்சைத் தாள் மாதிரி.

பேரன்: கல்வெட்டில் பெரும்பாலும் அப்படித்தான். சக்கரம் வெட்டியிருக்கிறது, பார்த்தாயா? பெருமாள் கோயிலுக்கு விட்ட நிலத்தின் எல்லைக்கல். திருவாழிக்கல் என்பார்கள். சிவன் கோயில் நிலமாக இருந்தால் சூலம் இருக்கும்.

அப்பத்தா: நான் வண்டிச்சக்கரம் என்றல்லவா நினைத்தேன்! ஊருணிக் கரையில் கிடந்ததை உன் தாத்தா மாட்டுவண்டியில் தூக்கிவந்து போட்டார்.

பேரன்: எந்த வருசம்? எழுதிக்கொள்கிறேன்.

அப்பத்தா: எனக்குக் கல்யாணமான வருசம்.

பேரன்: அது எந்த வருசம்?

அப்பத்தா: தனுஷ்கோடியில் புயல் அடித்து, ரயிலோடு சனம் கடலுக்குள் போனதே, அதற்கு அடுத்த தை. குரோதி வருசம்.

பேரன்: குரோதி 2024-லும் வந்ததே?

அப்பத்தா: அறுபது வருசத்துக்கு ஒருதரம் அதே பேர் திரும்பி வரும்டா. இது முந்தின குரோதி.

பேரன்: அதனால்தான் கல்லில் வருசப் பேரோடு, சக ஆண்டு என்ற தொடர்ச்சியான ஆண்டுக் கணக்கையும் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள். சகாப்தம் 1602, ரௌத்திரி. 1602-ஓடு 78 கூட்டினால் ஆங்கில வருசம் 1680. ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி காலம்!

அப்பத்தா: பட்டத்துக்கு வரும்போதே கிழவனா? அவருக்கும் ஆதாரில் வயசை மாற்றிப் போட்டுவிட்டார்களோ?

பேரன்: இரு, இரு. புயல் 1964 டிசம்பர். உன் கல்யாணம் 1965 தை. உன் ஆதாரில் பிறந்த வருசம் 1958 என்று இருக்கிறது. ஏழு வயசுப் பிள்ளைக்கா கல்யாணம் பண்ணினார்கள்?

அப்பத்தா: பதினேழு முடிந்துதான் கழுத்தை நீட்டினேன். எழுத வந்த பையன் என் மூஞ்சியைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்டுவிட்டான். சின்னப்பிள்ளை மாதிரி தெரிகிறேன் போல என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, முதியோர் பணம் பத்து வருசம் தள்ளிப்போச்சு.

பேரன்: கல்லில் 1680 சரியாக இருக்கிறது, கார்டில் 1958 தப்பாக இருக்கிறது!

அப்பத்தா: அடியில் என்னடா, இன்னும் ரெண்டு வரி இருக்கிறதே?

பேரன்: அது... வேண்டாம் அப்பத்தா.

அப்பத்தா: படிடா.

பேரன்: "இதுக்கு அகிதம் பண்ணினவன் கெங்கைக் கரையிலே காராம்பசுவைக் கொன்ற தோஷத்திலே போகக்கடவன்."

அப்பத்தா: (கையிலிருந்த சோப்பு நழுவுகிறது) அட பாவி! அறுபது வருசமாக இதன்மேல் அடித்துத் துவைத்திருக்கிறேனே! தினம் எத்தனை பசு என்று கணக்குப் போடு பார்ப்போம்.

பேரன்: அகிதம் என்றால் கெடுதல். தானத்தை அழித்தவனுக்குத்தான் சாபம். துவைத்தவர்களுக்கு இல்லை.

அப்பத்தா: அது எப்படி உனக்குத் தெரியும்? சரி, துவைத்ததில் முக்கால்வாசி உன் தாத்தா வேட்டி. கல்லைத் தூக்கிவந்ததும் அவர்தான். தோஷம் அவர் கணக்கில் போகட்டும்.

பேரன்: தாத்தாதான் செத்துப்போய்விட்டாரே?

அப்பத்தா: அதான் முந்திக்கொண்டார், கெட்டிக்காரர். கல்லைத் துடை, மஞ்சள் பூசிக் கும்பிடுவோம்.

பேரன்: மஞ்சள் பூசினால் எழுத்து மூடிவிடும்! நீ திங்கட்கிழமை என்னோடு வந்து, கல் இங்கே வந்த கதையைச் சொன்னால் போதும்.

அப்பத்தா: வருகிறேன். ஆனால் எனக்கும் ஒரு கல் வெட்டவேண்டும். குரோதி வருசம் தை மாசம் கல்யாணம், வயசு பதினேழு என்று.

பேரன்: சாபமும் போடவா?

அப்பத்தா: அதே காராம்பசுதான். முதலில் அந்த ஆதார்ப் பையனுக்கு.