12 வருஷம் வாடகைக்கு இருந்தால் வீடு சொந்தமாகிவிடுமா?

“ஒரே வீட்டில் 12 வருஷம் குடியிருந்தால் வீடு வாடகைதாரருக்கே சொந்தம், சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு” என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இதை நம்பி, செல்லூரில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், மாடியில் 11 வருஷமாக இருக்கும் குடும்பத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். பாவம், பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம்.

தகவல் தவறு. 2019 ஆகஸ்ட் தீர்ப்பு சொன்னது வேறு. உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக, 12 வருஷம் விடாமல் இடத்தை அனுபவித்தவர், தன்மேல் வழக்கு வந்தால் தற்காத்துக்கொள்ள மட்டுமல்ல, தானே வழக்குப் போட்டும் உரிமை கோரலாம் என்றது. இதற்குப் பெயர் எதிரிடை அனுபோகம்.

வாடகைதாரர் அப்படியா? உரிமையாளர் சாவி கொடுத்துத்தான் உள்ளே வந்தார். மாதாமாதம் வாடகை தருவதே ‘வீடு உங்களுடையது’ என்று ஒப்புக்கொள்வதுதானே! குடியிருந்துகொண்டே அதை மறுக்க சாட்சியச் சட்டமும் விடாது.

அப்புறம், அந்த 11 மாச அக்ரிமென்ட். அதற்கும் இந்த 12 வருஷத்துக்கும் சம்பந்தமில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் போனால் பத்திரம் பதியவேண்டும் என்பதால் வந்த பழக்கம் அது. ஒன்று மட்டும் கவனம்: வாடகை உறவு சட்டப்படி முடிந்த பிறகும் ஆள் காலி செய்யாவிட்டால், 12 வருஷத்துக்குள் வழக்குப் போட்டுவிட வேண்டும்.